சுபேதார் அண்ணன் ஊரில் இல்லாத மதியம்

என் கணவர் கடைசி மாதங்களில் என்னிடம் இந்தியில்தான் பேசினார். எனக்கு இந்தி தெரியாது. இதைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறார்கள். முதல் நாள் நானும் சிரித்தவள்தான், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்து முடித்ததும் எழுந்து போய்விட வேண்டும். உட்கார்ந்துகொண்டு, "நீயும் கொஞ்சம் கத்துக்கிட்டிருக்கலாமே" என்று ஆரம்பிப்பவர்களுக்கு நான் காபி போடுவதை நிறுத்திவிட்டேன்.

அவர் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். அங்கிருந்து வந்த பிறகு கம்ப்யூட்டர் புரோகிராமர் ஆனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கோலார் பக்கம் பாலகாட்டில், மாமனார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில் அவருக்குக் கொடுத்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. சுரங்கத்தை மூடிப் பல வருடம் ஆன பிறகும் அதே வீட்டில், முன்னால் ஒரு தகர ஷீட்டை இறக்கிக்கொண்டு, காற்றடித்தால் சுரங்க மண்மேட்டுத் தூசியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு இருந்தோம்.

கல்யாணமான புதிதில் அவருடைய பட்டாளத்து நண்பர்கள் எல்லாம் பெண்டாட்டியை வடக்கே குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. மாமனாருக்கு அப்போதே மூச்சு திணறும். படுத்தால் இருமல், உட்கார்ந்தால் இழுப்பு. மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். யாராவது ஒருவர் வெந்நீர் வைத்துக் கொடுத்து, முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைக்க வேண்டுமே. நான் இருந்துவிட்டேன். மாமனார் கண்ணை மூடியபோது இவரும் பட்டாளத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். இவருடைய அத்தனை வருடப் பட்டாள வாழ்க்கையில் ஒரு நாளைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. அது முழுக்க இந்தியில் நடந்தது, அங்கேயே முடிந்தும் போனது.

லீவில் வரும்போது தூக்கத்தில் பேசுவார். அதுவும் இந்திதான். காலையில் நான் விட மாட்டேன்.

"யாருங்க அவ, விடிய விடிய பேசிக்கினே இருந்தீங்களே?"

"போமே. எங்க ஆபீசர் சாப் கூடப் பேசிக்கினு இருந்தேன்."

"சாப்கிட்ட அவ்வளோ கொஞ்சிப் பேசுவாங்களா இன்னா?"

விளையாட்டுக்குத்தான் கேட்பேன். ஆனால் அந்த மொழி எனக்கு ஒரு சக்களத்தி மாதிரிதான் இருந்தது. வருடத்தில் பெரும்பங்கு அவளோடு இருந்துவிட்டு லீவுக்கு என்னிடம் வருகிறார் என்று உள்ளுக்குள் ஒரு பொருமல் இருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை.

பட்டாளத்திலிருந்து திரும்பியபோது அவருக்குத் தலை நரைக்கவில்லை. எல்லாரும் பேங்க்கில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்கும் வேலைக்குப் போகச் சொன்னார்கள். "நின்னது போதும், கொஞ்ச நாள் குந்திப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பெங்களூரில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவரை அங்கிள் என்று கூப்பிடுகிற வயதுப் பையன்கள். காலை ரயிலில் போய்ப் பொழுதுபோன பிறகு வருவார். பிறகு வேலையும் அங்கேயே கிடைத்தது. லாரிகள் எந்தக் கிடங்குக்கு, எந்த நேரத்துக்குப் போக வேண்டும், எங்கே சரக்கு இறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் புருஷன் முழுசாகக் கிடைத்தார் என்று சொல்வேன்.

அவருக்கு ஒரு பழக்கம். எழுதின புரோகிராமில் எங்கேயோ தப்பு இருக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை என்றால், அதை ஒருவருக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லதாம். அதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் யார்? சாயங்காலம் நான் முறத்தில் கீரையைப் போட்டு ஆய்வேன். அவர் எதிரில் நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஆரம்பிப்பார்.

"இப்போ பாரு, லாரி வந்துச்சு. வாசல்ல நிக்குது. உள்ள இடம் கீதான்னு கேக்குறோம். கீதுன்னா உள்ள விடு. இல்லன்னா வெளிய நிக்க வை. சரியா?"

"வெளிய நிக்குற லாரிக்கு யாரு போய்ச் சொல்லுவாங்க, இடம் வந்துடுச்சுன்னு?"

அவ்வளவுதான். கையை அந்தரத்தில் நிறுத்தி என்னையே பார்ப்பார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு தட்டத் தொடங்குவார். நான் அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்பது தத்துப்பித்தென்று இருக்கும். லாரி டிரைவர் நாஷ்டா சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். அவர் சொல்வதில் பாதி எனக்கு விளங்காது. ஆனால் "வந்தா, வரலைன்னா, அதுக்கப்புறம்" என்று ஏறி இறங்கிப் போகும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கீரை ஆய்வது எனக்குப் பிடித்தது. எங்கள் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த லாரிகளைப் பற்றித்தான்.

அந்த முதல் நாள் காலையில் அவர் எழுந்து வந்து, "பானி" என்றார். தண்ணீர் கேட்கிறார். இது ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் குஷியாக இருந்தால் இந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். "வாங்க சாப், வந்து மொண்டு குடிங்க" என்று சிரித்தபடி சொன்னேன். அவர் ஏதோ சொன்னார். நான் இட்லித் தட்டைப் பார்க்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் பேத்தமங்களாவிலிருந்து வருகிற கீரைக்காரம்மா வந்தாள். அவள் தெலுங்கில் கேட்டாள், இவர் இந்தியில் சொன்னார், அவள் தெலுங்கிலேயே பதில் சொல்லிவிட்டு ஒரு கட்டைப் போட்டுவிட்டுப் போனாள். சிலிண்டர் கொண்டுவந்த பையன் கன்னடத்தில் பேசினான். அவனிடமும் இந்திதான். அவன் சரி என்பதுபோல "ஆயித்து சார்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

எங்கள் ஊரில் அப்படித்தான். வாசலில் கிடக்கும் செருப்பில் காலுக்கு எது அகப்படுகிறதோ அதைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போய் வருவதுபோல, வாயில் எந்த மொழி வருகிறதோ அதில் பேசுவோம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும், வீட்டு மனுஷன் திடீரென்று வேற்று மொழியில் பேசினால் பெண்டாட்டி மார்பில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பாள்.

பொழுது உச்சிக்கு வந்த பிறகு அடுத்த லைனிலிருந்து சுபேதார் அண்ணன் வந்தார். அவரும் பட்டாளத்திலிருந்து ரிட்டையர் ஆனவர்தான், இவரைவிட வயதிலும் பதவியிலும் மூத்தவர். என்னைத் தங்கச்சி என்பார். இரண்டு பேரும் வழக்கம்போல இந்தியில் பேசிச் சிரித்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். இவர் என்னிடம் திரும்பி இந்தியில் ஏதோ சொன்னார்.

"தங்கச்சியாண்ட இன்னாத்துக்கு இந்தி? தமிழ்ல சொல்லுய்யா" என்றார் அண்ணன்.

இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார், மறுபடி திறந்தார். வலது கை டீ டம்ளரைத் தேடி அதன் பக்கத்தில் வெறும் பெஞ்சைத் தடவியது. அண்ணன் முகம் மாறியதைப் பார்த்தேன். "தங்கச்சி, ஆட்டோவுக்குச் சொல்லு, போ" என்றார். அது பட்டாளத்துக் குரல். நான் ஓடினேன்.

கோலாருக்குக் கொண்டுபோனோம். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். டாக்டர் நல்ல மனிதர், இளவயது. எப்போதிலிருந்து பேச்சு மாறியது என்று கேட்டார். சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் கேட்கிற மருந்து ஒன்று இருக்கிறதாம். நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து என்று சொன்னோம். "அவ்வளவு நேரம் யாருக்குமே வித்தியாசமாத் தெரியலையாம்மா?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே விளங்காமல் கேட்டார். அவருக்கு நான் எங்கள் ஊரைப் பற்றி எப்படிச் சொல்வேன்? அழுதேன், அவ்வளவுதான்.

பல மொழி பேசுகிறவர்களுக்கு இப்படி ஒன்று போய் ஒன்று நிற்பது உண்டு, எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிறந்ததிலிருந்து பேசின தமிழ் போய்விட்டது. ரேஷன் கடைக் கன்னடம், ஆபீஸ் இங்கிலீஷ் எல்லாம் போய்விட்டன. வாலிபத்தில் கற்றுக்கொண்ட அந்தச் சக்களத்தி மட்டும் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கையும் காலும் விழுந்து படுக்கையானார். நான் தமிழில் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. பதில்தான் இந்தியில் வந்தது, அதுவும் குழறி. நான் சொல்வது அவருக்குப் போகும், அவர் சொல்வது எனக்கு வராது.

அதற்கப்புறம் சுபேதார் அண்ணன் எங்கள் வீட்டுக்கு டியூட்டிக்கு வருவதுபோல வர ஆரம்பித்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருவார். இவர் சொல்லச் சொல்ல எனக்குச் சொல்வார்.

"கால் மரத்துக் கீதாம். ரசத்துல உப்பு கம்மியாம். பென்ஷன் விஷயமா பேங்க்ல ஒரு கையெழுத்து வேணுமாம்."

"உப்பு கம்மியா? டாக்டர் சொல்லித்தான் கம்மியாப் போடுறேன்னு சொல்லுங்க அண்ணா. வேணும்னா துன்னட்டும், வேணாம்னா வெக்கட்டும்."

"நீ சொல்றது அவனுக்குப் புரியுதும்மா. அதுக்கு நான் எதுக்கு நடுவுல?"

இவர் அதற்குச் சிரிப்பார். பாதி வாய்தான் சிரிக்கும். அப்படிச் சில நாள் நன்றாகவே போயிற்று. ஆனால் பக்கத்தில் இன்னொரு ஆம்பளை உட்கார்ந்திருக்கும்போது புருஷன் பெண்டாட்டியிடம் என்ன சொல்ல முடியும்? உப்பு, கால், பென்ஷன். அதைத் தாண்டி ஒரு பேச்சு வரவில்லை. எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நடுவில் யாரும் இல்லாமல் அவர் என்னிடம் முழுசாக ஒரு பேச்சுப் பேச வேண்டும், அது எனக்கு விளங்க வேண்டும். சாமி படத்துக்கு முன்னால் நின்றாலும் அதைத்தான் கேட்டேன். நடக்க வை என்றுகூடக் கேட்கவில்லை.

போனில் மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறதே என்பீர்கள். அதையும் வைத்துப் பார்த்தேன். அவர் குழறியதைக் கேட்டுவிட்டு அது தமிழில் எழுதிக் காட்டியது: குதிரை மழையில் கடை போட்டது. நான் வாசித்துக் காட்டியதும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டரோடு வாழ்ந்த மனிதர். எனக்கு அந்தப் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் பட அட்டைகள் கொடுத்திருந்தார்கள். மாட்டுப் படத்தைக் காட்டி "மாடு" என்று நான் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "மா" என்பதுவரை கூட்டிவிடுவார். அதற்கு மேல் நாக்கு எழும்பாது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஒருநாள் இடது கையால் அட்டைகளைத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு நான் அவற்றை எடுக்கவில்லை. நீ இந்தப் பக்கம் வராவிட்டால் போ, நான் அந்தப் பக்கம் வருகிறேன் என்று சுபேதார் அண்ணனிடம் இந்தி கற்க உட்கார்ந்தேன். இந்த வயதில் மண்டையில் ஏறவில்லை. டிவியில் இந்தி சீரியலை ஓடவிட்டுக் காய் நறுக்கினேன். தண்ணீர், சோறு, வலி, போதும், குளிருது, இவை வந்தன. எனக்கு இவ்வளவுதான் வரும் என்று அவரும் கண்டுகொண்டார். பாவம், என்னிடம் பேசும்போது அந்தச் சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேசினார். "பானி." போதும் என்றால் "பஸ்." வலித்தால் "தர்த்." பச்சைக்குழந்தையிடம் பேசுவதுபோல. அது எனக்கு முன்னைவிட அதிகமாக வலித்தது.

அந்த மதியம் சுபேதார் அண்ணன் ஊரில் இல்லை. மிலிட்டரி கேன்டீனில் சாமான் வாங்கவும் பேரனைப் பார்க்கவும் பெங்களூர் போயிருந்தார், மறுநாள்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார். இவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு எழுந்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டிலிலேயே உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்தார்.

சின்னச் சொல் இல்லை. முழுப் பேச்சு. நீளமாக, நிதானமாக, அவ்வளவாகக் குழறாமல். என்னிடம் அப்படிப் பேசுவதை அவர் விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நடுவில் எங்கேயோ வீடு என்பதற்கான சொல் வந்ததுபோல இருந்தது, அப்பா என்று ஒரு தடவை வந்ததுபோல இருந்தது. மற்றது எல்லாம் ஓசைதான். போன் உள் அறையில் சார்ஜில் கிடந்தது. கையை விடுவித்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்து வந்து பதிவு செய்துவிடலாமா என்று நினைத்தேன். கையை உருவினால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டார். உட்கார்ந்தே இருந்தேன்.

கோபமாகப் பேசவில்லை. அழுதுகொண்டும் பேசவில்லை. எனக்குப் பழக்கமான குரல் அது. லாரி வந்தால், இடம் இருந்தால், இல்லாவிட்டால் என்று ஏறி இறங்கிப் போகிற அதே குரல். அதனால்தான் இன்றைக்கு வரைக்கும் குழம்புகிறேன். என்னைப் பற்றிச் சொன்னாரா, தான் போன பிறகு பென்ஷனுக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொன்னாரா, நான் பார்க்காத அந்தப் பட்டாளத்து வருடங்களைச் சொன்னாரா, எழுதி முடிக்காமல் விட்ட ஒரு புரோகிராமில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாரா, தெரியாது. எதுவாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். எது என்றுதான் தெரியவில்லை.

பேசி முடித்துவிட்டுத் தூங்கினார். மறுநாள் காலையில் எழுப்பப் போனேன், எழவில்லை. தூக்கத்திலேயே மறுபடி அடைப்பு வந்திருக்கும் என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, சுபேதார் அண்ணன் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டில் காலியாக இருந்தது. எனக்கு ஞாபகமிருந்த ஓசைகளை எல்லாம் அவரிடம் சொன்னேன். ராத்திரியும் பகலும் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்தவை. சொல்லும்போதே எது அவர் சொன்னது, எது டிவி சீரியலில் கேட்டது என்று கலந்துபோயிற்று. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பிறகு சொன்னார்: "அது வந்தும்மா, அடுத்த ஜென்மத்துலயும் நீயே எனக்குப் பெண்டாட்டியா வரணும்னு சொல்லிக் கீறான்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "பொய் சொல்லாதீங்க அண்ணா. அந்த மனுஷன் வாயில அப்படி ஒரு வார்த்தை எந்த பாஷையிலயும் வராது. உங்க தங்கச்சிக்கு இந்திதான் தெரியாது. புருஷனைத் தெரியும்."

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எத்தனையோ சாவைப் பார்த்த பட்டாளத்துக்காரர், தோள் குலுங்க அழுதார். நான் அவரைத் திட்டியிருக்கக் கூடாது என்று தோன்றியது. டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

"நீ சொன்ன சத்தத்துல ஒண்ணும் கூடி வரலைம்மா. எனக்கு நெஜமாவே தெரியல. முடிக்கும்போது உன்னை ஏதாவது கேட்டானா?"

"கேட்டாரு. வாயால இல்ல. புரிஞ்சுதான்னு புருவத்தைத் தூக்கிக் கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"புரிஞ்சுதுங்கன்னு சொன்னேன். அதைக் கேட்டப்புறந்தான் கையை விட்டாரு."